டச்சு மட்டும் மிஞ்சிய காலை

சங்கரேஸ்வரியின் கணவர் லிங்கேஸ்வரன் ராட்டர்டாம் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒன்பது வருடமும் அவள் அங்கேதான் இருந்தாள். போன புதிதில் ரொட்டிக் கடையில் பேசுவதற்காகக் கற்றுக்கொண்ட டச்சு, ஊர் திரும்பியபோது அவளுடைய தொழிலாகிவிட்டது. அவர் இப்போது கப்பலில் இருந்தார். அவள் இலஞ்சியில் மாடி வீட்டில் உட்கார்ந்து மருந்துக் குறிப்பு, இயந்திரக் கையேடு என்று எது வந்தாலும் தமிழாக்கிக் கொடுத்தாள். அந்த ஆனி மாதம் அவள் மேஜையில் இருந்தது மட்டும் அவளாகக் கேட்டு வாங்கிய புத்தகம்.

அது கொர்னேலிஸ் என்ற மனிதரின் வாழ்க்கை. முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஆம்ஸ்டர்டாமில் வீடு வீடாகப் போய் சன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்தியவர். லத்தீன் தெரியாத தச்சனும் மீன்காரியும் ரோமாபுரிச் சரித்திரத்தையும் தத்துவத்தையும் தங்கள் பாஷையிலேயே படிக்கட்டும் என்று ஒவ்வொன்றாக டச்சுக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் பெரிய மனிதர்கள் பொழுதுபோகாமல் செய்த காரியத்தை அவர் பிழைப்பாகவே செய்தார். பல இடங்களில் அவருக்கு டச்சில் சொல்லே கிடைக்கவில்லை. வீட்டுச் சொற்களை ஒன்றோடொன்று ஒட்டிப் புதிதாகச் செய்துகொண்டார். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது, எதிரே உட்கார்ந்து பேசும் ஆளிடம் போல சங்கரேஸ்வரி தலையாட்டுவாள்.

"செத்துப்போன வெள்ளைக்காரன் தமிழ்ல வந்து என்ன செய்யப் போறான் மதினி?" என்பாள் ஜெயபிரியா. லிங்கேஸ்வரனின் தங்கை. தென்காசியில் தையல்கடை வைத்திருந்தாள். இருவருக்கும் இருபது வருடமாகப் பகையும் இல்லை, பெரிய ஒட்டுதலும் இல்லை.

சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் ஐந்தருவிக்குப் போனார்கள். பெண்கள் பக்கம் கூட்டம் நெரித்தது. சங்கரேஸ்வரி தண்ணீருக்கடியில் தலையைக் கொடுத்து நின்றபோது, கம்பியைப் பிடித்திருந்த வலது கை தானாக நழுவியது. குளிரில் விறைத்திருக்கும் என்று நினைத்து வெளியே வந்தாள்.

"தலைய நல்லாத் துவட்டுங்க" என்றாள் ஜெயபிரியா.

துண்டைக் கொடு என்று சொல்ல வாயைத் திறந்தாள். அந்தச் சொல் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் அதன் டச்சுச் சொல் வந்து நின்றது.

"ஹான்ட்டூக்" என்றாள்.

தனக்கே சிரிப்பு வந்தது. மறுபடி முயன்றாள். மறுபடியும் ஹான்ட்டூக். சரி, பெயரையாவது சொல்லிக் கூப்பிடுவோம் என்று எதிரே நின்றவளைப் பார்த்தாள். முகம் தெரிந்தது, நெற்றித் தழும்பு தெரிந்தது. பெயர் வரவில்லை.

"என்ன மதினி பேசுதிய? வெளையாடுதியளா?" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். "ஐயோ, வாய் ஒரு பக்கமாக் கோணுதே!"

ஜெயபிரியா அவளை ஈரச் சேலையோடு ஆட்டோவில் ஏற்றினாள். சீசன் நேரம். குற்றாலம் சாலை முழுக்க வேனும் காரும். ஆட்டோ ஊர்ந்தது. சங்கரேஸ்வரி வெளியே பார்த்தாள். சிப்ஸ் கடை, எண்ணெய்க் கடை, பலகை பலகையாக எழுத்துகள். தமிழ் என்று தெரிந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. சுழியும் கொம்பும் காலும் வெறும் கோடுகளாக நின்றன. செத்துவிடுவோமோ என்பதைவிட, இப்படியே உயிரோடு இருந்துவிடுவோமோ என்பதுதான் அவளைப் போட்டு உலுக்கியது. அடுத்தவர் பேசுவது விளங்கியது. தன் பக்கத்துக் கதவு மட்டும் சாத்திக்கொண்டுவிட்டது.

தென்காசியில் ஒரு மருத்துவமனை. டாக்டர் இளம்பெண். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று மூன்று தடவை கேட்டாள். முதல் ஸ்கேன் முடிந்ததும் ஜெயபிரியாவிடம் வேகமாகச் சொன்னாள்.

"மூளைல ரத்தக்கசிவு இல்ல. அடைப்புதான். எந்தக் குழாய்னு பார்க்க கையில சாய மருந்து ஏத்தி இன்னொரு ஸ்கேன் எடுக்கணும். ஏதாச்சும் அலர்ஜி உண்டா?"

"அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர்."

சங்கரேஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ராட்டர்டாமில் ஒருமுறை அதே மருந்தை ஏற்றி, தொண்டை அடைத்து, மூச்சு நின்று, இரண்டு நாள் குழாய் வைத்துக் காப்பாற்றியிருந்தார்கள். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. வேண்டாம், வேண்டாம் என்று பலமாகத் தலையாட்டினாள்.

"அவங்களே இல்லங்கிறாங்களே" என்று டாக்டர் குறித்துக்கொண்டாள்.

மெஷின் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நர்ஸ் மருந்தை எடுத்துக்கொண்டு வந்தாள். சங்கரேஸ்வரி கையை இழுத்தாள்.

"பயப்படாதீங்கம்மா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

இன்னொருவர் தோளைப் பிடித்து அழுத்தினார். அவள் கத்தினாள். உள்ளே இருந்ததெல்லாம் டச்சு, அதுவும் குழறலாக.

"இக் ஸ்டிக்! அலெர்ஹிஸ்! அலெர்ஹிஸ்!"

இக் ஸ்டிக் என்பது மூச்சுத் திணறுது என்று அந்த ஊரில் சொல்லும் சொல். இங்கே அது வெறும் ஊளை. வராத வலது கையை விட்டுவிட்டு இடது கையால் தன் கழுத்தையே பிடித்துக்கொண்டு, திரும்பத் திரும்ப அலெர்ஹிஸ் என்பதையே கத்தினாள்.

வாசலில் நின்ற ஜெயபிரியாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. நாலாவது தடவையில் காது அதைப் பிடித்தது. செருப்போடு உள்ளே ஓடினாள்.

"ஊசி போடாதிய! நிறுத்துங்க! அவிய அலர்ஜின்னு சொல்லுதாவ!"

"நீங்கதான இல்லன்னீங்க?"

"எனக்குத் தெரியாது. அவியளுக்குத் தெரியும்லா!"

டாக்டர் வந்து சங்கரேஸ்வரியின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த மருந்தா? ஆமான்னா அமுக்குங்க." அமுக்கினாள். "முன்னாடி மூச்சு முட்டிச்சா?" டாக்டரின் விரல் வெளுக்கும்படி அமுக்கினாள்.

சாய மருந்து வேண்டாமென்று முடிவாயிற்று. அடைப்பைக் கரைக்கும் ஊசியை மட்டும் போட்டார்கள்.

இரண்டு நாள் அவள் கண்ணைத் திறக்கவே பயந்தாள். திறந்தால் எதிரே ஒரு பொருள் இருக்கும். அதற்குப் பெயர் இருக்காது. கொர்னேலிஸ் புதிதாகச் சொல் செய்யலாம், அவருக்குக் கீழே ஒரு தாய்மொழி கிடந்தது. எனக்கு என்ன கிடக்கிறது? இதையும் டச்சில்தான் நினைக்க முடிந்தது.

மூன்றாம் நாள் மதியம், கட்டில் ஓரம் இடியாப்பத்தைப் பிசைந்துகொண்டிருந்த நாத்தனாரைப் பார்த்து அவள் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தது.

"ஏட்டி."

ஜெயபிரியா நிமிர்ந்தாள். கண் நிறைந்துவிட்டது. "இருவது வருசத்துல என்னைய உரிமையா ஏட்டின்னு கூப்பிட்டதில்லையே மதினி. கூப்பிடுங்க, இன்னொரு தரம் கூப்பிடுங்க."

தமிழ் திரும்பியது, ஒழுங்காகத் திரும்பவில்லை. ஆவணியில் எழுத்து கூடியது, புரட்டாசியில் மறுபடி மேஜையில் உட்கார்ந்தாள். கண்ணாடி என்று எழுத நினைத்து தண்ணீர் என்று எழுதுவாள். எழுதியது சரியாகவே தோன்றும். இந்தப் பயம்தான் மற்றதையெல்லாம்விட மோசமாக இருந்தது: தப்பு எங்கே என்று தப்பு செய்தவளுக்கே தெரியாது. மதுரையிலிருந்த பதிப்பாளரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். ஆகிற நாள் ஆகட்டும் என்றார் அவர்.

ஜெயபிரியா மதியம் கடையைப் பூட்டிவிட்டு வந்து ஒவ்வொரு பக்கமாகச் சத்தம் போட்டு வாசித்தாள்.

"'சன்னலுக்குத் தண்ணி மாட்டினார்'னு இருக்கு. தண்ணிய எப்படி மாட்டுவான்?"

சங்கரேஸ்வரி அடித்து எழுதினாள். சில நாள் பத்துத் தப்பு, சில நாள் ஒன்றுகூட இல்லை. ஒன்றுமில்லாத நாட்களில்தான் அதிகம் நடுங்கினாள். இருவர் கண்ணுக்கும் தப்பியது எத்தனையோ.

"இந்த மனுசன் பாவம் மதினி" என்றாள் ஜெயபிரியா கடைசிப் பக்கத்தை வாசித்துவிட்டு. "இவன் எழுதினத யாரு வாசிச்சுக் காட்டிருப்பா?"

மாசியில் புத்தகம் வந்தது. கட்டைப் பிரித்து அலமாரியில் வைத்தவள் நாலு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் காலை ஒரு பிரதியை எடுத்து, எங்கோ நடுவில் பிரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் வரியில் விரலை வைத்தாள்.