பச்சை ஃபியூஸ்

தென்திருப்பேரையைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனதும் காருக்குள் காற்று நின்றுபோனது. ஏசியின் இரைச்சல் ஓய்ந்த பிறகுதான் மழை எவ்வளவு பலமாகப் பெய்கிறது என்பதே விஜயஸ்ரீயின் காதில் விழுந்தது. காற்றைக் கூட்டும் குமிழைக் கடைசி எண்வரைக்கும் திருகிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. முன்கண்ணாடியின் ஓரங்களில் ஆவி படரத் தொடங்கியது. துணியால் துடைத்தாள். துடைத்த இடம் கையை எடுப்பதற்குள் மறுபடி வெளுத்தது.

பக்கத்து இருக்கையில் மாமனார் சிவசைலம் சாய்ந்து கிடந்தார். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரம் மூன்று முறை திருநெல்வேலிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர். மழையால் போன முறை தவறிவிட்டது. பாதங்கள் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. பேசும்போது மூச்சு பாதியில் அறுந்தது. இன்னும் ஒரு நாள் பார்ப்போமே என்றுதான் காலையில் சொன்னார். விஜயஸ்ரீ கேட்கவில்லை. கணவன் தேவேந்திரன் குவைத்தில் இருக்கிறான். அவனுடைய அப்பா மூச்சுக்குத் தவிப்பதை வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஏரலில் உள்ள தன் தையல் கடையைத் திறக்காமல், அவரைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றிக் கிளம்பியிருந்தாள்.

இப்போது சாலையே தெரியவில்லை. வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டதுபோல் இருந்தது கண்ணாடி. கதவுக் கண்ணாடிகளை இறக்கிப் பார்த்தாள். வலப் பக்கத்திலிருந்து சாய்ந்து வந்த மழை இருவரையும் நனைத்தது. மாமனாருக்கு உதறல் எடுத்தது. ஆவியும் குறையவில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இடது ஓரம் என்று பட்ட இடத்தில் பைய வண்டியை ஒதுக்கி நிறுத்தினாள். வலப் பக்கம் வாழைத் தோட்டம், அதற்கு அப்பால் ஆறு. அணையிலிருந்து தண்ணீர் கூடுதலாகத் திறந்துவிட்டிருப்பதாகக் காலையில் டிவியில் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நாசரேத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாக்கியசீலனுக்கு ஃபோன் போட்டாள். அவளுடைய வண்டியை அவன்தான் பார்த்துவருகிறான். சத்தம் விட்டுவிட்டுத்தான் வந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே வலப் பக்கம் ஒரு மூடி இருக்கும், அதைக் கழற்றுங்கள், மூடியின் உட்புறத்தில் எது எதற்கான ஃபியூஸ் என்று படம் போட்டிருக்கும் என்றான். காற்று விசிறிக்கு, புளோயர் என்று போட்ட இடத்தில் முப்பது எண்ணோடு பச்சை ஃபியூஸ் ஒன்று இருக்கும், அதை உருவி வெளிச்சத்தில் பாருங்கள், உள்ளே இருக்கும் தகடு அறுந்திருந்தால் அதுதான் கோளாறு என்றான்.

ஃபோன் வெளிச்சத்தில் அவள் ஒருக்களித்துப் படுத்து அந்த மூடியைக் கழற்றினாள். எழுத்துகள் எறும்பு அளவுக்கு இருந்தன. புளோயரைக் கண்டுபிடித்தாள். விரலால் பிடிக்க இடமில்லை. கைப்பையில் ஓவர்லாக் மிஷினுக்கு நூல் கோக்கும் இடுக்கி இருந்தது. அதைக் கொண்டு உருவியபோது பிளாஸ்டிக்கின் உட்புறம் கரி பிடித்திருந்தது. தகடு நடுவில் அறுந்திருந்தது. மாற்று ஃபியூஸ் செருகி வைக்கும் இடங்கள் காலியாகக் கிடந்தன.

அந்த நேரத்தில் ஒரு மீன் வண்டி பலமாக ஹாரன் அடித்தபடி அவர்களைக் கடந்து போனது. அதன் சக்கரம் வாரி அடித்த தண்ணீர் காரின் கூரைவரைக்கும் எழும்பி விழுந்தது. சாலையில் அவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அவள் நினைக்கவில்லை.

"மாத்து இல்ல தம்பி," என்றாள்.

"அப்ப பவர் விண்டோன்னு ஒண்ணு போட்டிருக்கும் பாருங்க. அதுவும் முப்பதுதான். அத எடுத்து இதுல போடுங்கக்கா. முப்பதுக்கு மேல உள்ளத போட்டுறாதீங்க, வயரு எரிஞ்சிரும். மோட்டார்ல எல கில சிக்கியிருக்கும், ஒண்ணாம் நம்பர்லயே ஓட்டுங்க. பொறவு இன்னொண்ணு, அந்தக் கண்ணாடி..."

அத்தோடு துண்டித்துப் போனது. திரும்பப் போட்டாள். போகவில்லை. செல்ஃபோன் டவரே உயிரோடு இல்லை என்பதுபோல் ஃபோனில் ஒரு கோடுகூட இல்லை.

பவர் விண்டோ ஃபியூஸை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள். எந்தக் கண்ணாடியைச் சொல்ல வந்தான் என்று யோசித்தாள். கதவில் இருந்த பொத்தானை அழுத்தினாள். கண்ணாடி அசையவில்லை. அசையாது என்பது தெரிந்ததுதான். ஆனால் அழுத்திப் பார்த்த பிறகுதான் அதன் பொருள் நெஞ்சில் இறங்கியது. இந்தப் பச்சைத் துண்டை அங்கே மாற்றிவிட்டால், ஏற்றிய கண்ணாடி ஏற்றியபடியே நிற்கும். தண்ணீர் கதவை அழுத்தினால் கதவும் திறக்காது.

வலது கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். வாழை மரங்களுக்கு நடுவே செந்நிறத் தண்ணீர் ஓசையில்லாமல் நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

ஃபியூஸைப் பழைய இடத்திலேயே செருகினாள். காற்றும் மழையும் அதிகம் படாத இடது பின்கதவின் கண்ணாடியை முழுக்க இறக்கினாள். அதன் பிறகு மறுபடியும் ஃபியூஸை உருவினாள்.

சிவசைலம் தலையைத் திருப்பினார். "மழ உள்ள வருதும்மா. ஏத்து அத."

"தொறந்தே கெடக்கட்டும் மாமா."

"என்னத்துக்கு?"

அவள் கண் வலப் பக்கத் தண்ணீருக்குப் போனது. அவரும் அந்தப் பக்கம் பார்த்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

புளோயருக்கான இடத்தில் ஃபியூஸை வைத்து அழுத்தினாள். முதல் முறை அது நழுவிக் காலடியில் விழுந்தது. மிதியடியில் தடவும்போது கை ஈரத்தில் பட்டது. தண்ணீர் உள்ளே கசியத் தொடங்கியிருந்தது. ஃபியூஸைத் தேடி எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து, இரண்டாவது முறை செருகினாள். குமிழை ஒன்றில் வைத்தாள். டேஷ்போர்டுக்குள் ஏதோ கரகரவென்று உரசியது. மட்கிய இலை வாடையும் கருகல் வாடையும் கலந்து வந்தன. இதுவும் போய்விட்டால் வேறு இல்லை என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உரசல் நின்று, காற்று வந்தது.

கண்ணாடி கீழிருந்து மேலாகத் தெளிந்தது. முதலில் வைப்பர், பிறகு பானட், பிறகு சாலை இருக்க வேண்டிய இடம். அங்கே சாலை இல்லை. இடமும் வலமும் ஒரே தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மின்கம்பம் சாய்ந்து கம்பிகள் தண்ணீருக்குள் போயிருந்தன. அதற்குக் கொஞ்சம் முன்னால் மீன் வண்டி ஒருபுறமாகச் சரிந்து கிடந்தது. அதன் பின்விளக்கு மட்டும் இன்னும் எரிந்தது. ஆளைக் காணோம்.

பின்னோக்கி எடுக்கப் பார்த்தாள். வண்டி கொஞ்ச தூரம் நகர்ந்தது. பிறகு எஞ்சின் இருமிவிட்டு அணைந்தது. பலமான உந்துதல் ஒன்று வலப் பக்கத்திலிருந்து வந்து காரையே இடதுபுறமாகத் தள்ளியது. கதவைத் தோளால் இடித்துப் பார்த்தாள். சுவரை இடிப்பதுபோல் இருந்தது. தண்ணீர் மாமனாரின் வீங்கிய கணுக்காலுக்கு ஏறியிருந்தது.

"நீ போயிரு தாயி," என்றார் அவர். "நான் முடியாதவன்."

"பின்னால வாங்க மாமா."

இருக்கையைச் சாய்த்து, அவரைக் கக்கத்தில் பிடித்து இழுத்துப் பின்னிருக்கைக்குக் கொண்டுபோனாள். திறந்து கிடந்த கண்ணாடி வழியாகத் தலையை நீட்டிச் சத்தம் போட்டாள். இடப் பக்கம் மேட்டில் ஒரு வாழைக்காய் மண்டியின் மாடியில் ஆட்கள் நின்றார்கள். அவர்களில் ஒருவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பில் தாம்புக்கயிற்றோடு தண்ணீருக்குள் இறங்கினார். பெயர் நூகு, காயல்பட்டினத்து வியாபாரி, மழைக்கு ஒதுங்கியவர் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. கயிற்றின் மறுமுனையை மாடியில் இருந்தவர்கள் தூணில் சுற்றிப் பிடித்துக்கொண்டார்கள்.

"பெரியவர மொதல்ல விடு தாயே. கால நீட்டச் சொல்லு," என்றார் நூகு.

சிவசைலத்தின் தோள் சன்னல் சட்டத்தில் சிக்கியது. ஊசி போட்டுப் போட்டுப் புடைத்திருந்த கை அது. அதில் அடி படக்கூடாது என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். விஜயஸ்ரீ தன் உள்ளங்கையை நடுவே கொடுத்து அவரை வெளியே தள்ளினாள். அவளுடைய தோல் உரிந்தது. அவர் போனதும் அவளும் இறங்கினாள். தண்ணீர் மார்புக்கு இருந்தது. அவர்கள் மாடிப்படிக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது, கார் ஒரு பெட்டிபோல் மிதந்து பைய சுழன்றுகொண்டிருந்தது.

அன்று பகல் முழுவதும் மழை விடவில்லை. சிவசைலத்தைப் படுக்கவைத்தால் மூச்சு முட்டியது. அவரைத் தன் முதுகில் சாய்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். குடிக்க ஒரு வாய் தண்ணீர் கேட்டார். நீர் கோத்த உடம்புக்குக் கொடுக்கலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. துணியை நனைத்து உதட்டைத் துடைத்தாள். கீழே மண்டியின் தகரக் கதவைத் தண்ணீர் இடித்துக்கொண்டே இருந்தது. மீன் வண்டிக்காரரை யாராவது பார்த்தீர்களா என்று நூகு எல்லோரிடமும் கேட்டார். யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் படகு வந்தது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது சிவசைலத்துக்கு நினைவு தப்பியிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். நேற்று வீட்டிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விஜயஸ்ரீ அவரிடம் கேட்டாள். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார் அவர். வீடு இருந்த தெருவிலும் தண்ணீர் புகுந்துவிட்டதாக வார்டில் யாரோ பேசிக்கொண்டார்கள்.

சாயங்காலம் சிவசைலம் கண் விழித்தார். மூச்சு சீராக இருந்தது. கட்டு போட்டிருந்த அவளுடைய உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

அவள் இல்லை என்று தலையை அசைத்தாள். அதற்குள், ஈரம் காய்ந்து உயிர் பிடித்திருந்த அவளுடைய ஃபோனில் குவைத்திலிருந்து அழைப்பு வந்தது. எங்கே இருக்கிறீர்கள், இரண்டு நாளாகப் போட்டுக்கொண்டே இருக்கிறேனே என்று தேவேந்திரன் கேட்டான். ஃபோனை மாமனாரின் காதில் வைத்துவிட்டு, கட்டிலின் ஓரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.