குரல் உடையுது

பிரிவில் எல்லாருக்கும் அவள் சின்னக்கா. முன்பு பெரியக்கா என்று ஒருத்தி இருந்தாள். அவள் ஓய்வு பெற்றதும் அவளுடைய பதவி இவளுக்கு வந்ததே தவிர பட்டப்பெயர் மாறவில்லை. நாற்பத்தைந்து தாண்டியும் சின்னக்காதான். விபத்தில் அடிபட்ட கார்களின் போட்டோவையும் ஒர்க்‌ஷாப் பில்லையும் ஒத்துப்பார்த்து, இன்சூரன்ஸ் பணம் தரலாமா கூடாதா என்று சொல்கிற பிரிவு அது.

கொரோனா வந்து கம்பெனி எல்லாரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னபோது அவளைக் கேட்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீடு என்று திரும்பக் கூப்பிட்டபோதும் கேட்கவில்லை. வீட்டு நாளில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் மடக்கு மேஜையைப் போட்டு உட்காருவாள். முன்னறையில் கணவன் தன் கம்பெனியோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான். வீட்டில்தானே இருக்கிறாள் என்று குக்கரும் கூப்பிடும், கூரியர்காரனும் கூப்பிடுவான், மகளும் கூப்பிடுவாள். ஆபீஸ் நாளில் இரண்டு பஸ் மாறிப் போனால் அங்கே அவளுக்கென்று ஒரு மேஜை கிடையாது. முந்தின நாளே போனில் இடம் பிடித்து வைக்க வேண்டும். பிடித்த இடத்தில் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வீட்டில் இருக்கிறவர்களோடு திரையில் பேச வேண்டும். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றும். தோன்றுவதோடு சரி. அதற்கு மேல் யோசிக்கத் தெம்பிருக்காது.

அந்தப் பிரிவில் மியூட் சார் என்று ஒருவர். இவர்கள் கம்பெனி விலைக்கு வாங்கிய ஒரு சின்னக் கம்பெனியிலிருந்து வந்து சேர்ந்தவர். வெளியூர்க்காரர் என்பதால் முழுக்க வீட்டிலிருந்துதான் வேலை. யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை. மீட்டிங்கில் கேமராவும் அணைந்திருக்கும், மைக்கும் அணைந்திருக்கும். கேட்டதற்கெல்லாம் டைப் அடித்துப் பதில் சொல்வார். வேலையில் குறை சொல்ல முடியாது.

ஆனால் மேனேஜருக்கு உறுத்தியது. சின்னக்காவைவிட வயதில் சின்னவர், சந்தேகத்தில் பெரியவர்.

"மேடம், அப்படி ஒரு ஆள் நிஜமாவே இருக்காரா? இல்ல, அவரு வேற எங்கயோ இன்னொரு வேலை பாத்துக்கிட்டு, இங்க மச்சினனை உட்கார வச்சிருக்காரா?"

"வேலை ஒழுங்கா நடக்குது சார்."

"யார் செய்றான்னு தெரியணும்ல? இனிமே யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. செவ்வாய்க்கிழமை அவரை வரச் சொல்லுங்க. மீட்டிங்ல பேசட்டும்."

அவள் போன் போட்டாள். அவர் கட் பண்ணிவிட்டு, "சொல்லுங்க மேடம்" என்று மெசேஜ் அனுப்பினார். மறுபடி போட்டாள். மறுபடியும் அதே. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, முன்னறையில் கணவன் கத்திக்கொண்டிருந்தான், அவளுக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. "செவ்வாய்க்கிழமை ஆபீஸ் வரணும் சார். வாயைத் திறந்து பேசணும். சாக்குப்போக்கு வேண்டாம்" என்று தட்டிவிட்டாள்.

வெகுநேரம் கழித்து, "சரி மேடம்" என்று வந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் போய்ச் சேர்ந்தபோது அவள் பிடித்திருந்த மேஜைக்குப் பக்கத்து மேஜையில் ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெயில் நாளிலும் கழுத்தைச் சுற்றி மெல்லிய துணி. பயணக் களைப்பில் கண் சிவந்திருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். சிரித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

"நீங்கதானா சார்? சாப்பிட்டீங்களா?"

தலையாட்டினார். இவருக்கு என்ன திமிர் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே மீட்டிங் ஆரம்பித்துவிட்டது. மேனேஜர் அன்றைக்கு வீட்டிலிருந்தபடி திரையில் வந்தார். வரச் சொன்னவரே ஆபீஸ் வரவில்லை என்பதை யாரும் கேட்க முடியாது.

"வெல்கம் சார்! இன்னைக்காவது உங்க குரலைக் கேக்கலாமா?"

அவர் பையிலிருந்து சின்ன டார்ச் லைட் மாதிரி ஒரு கருவியை எடுத்தார். கழுத்துத் துணிக்கு மேலே, தாடைக்கு அடியில் அழுத்தினார். உதடு அசைந்தது. இயந்திரம் பேசுவது போல ஏற்ற இறக்கமில்லாமல் ஒரு சத்தம் வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம்."

திரையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். "சார், உங்க குரல் உடையுது. நெட் சரியில்ல போல" என்றாள் புதிதாகச் சேர்ந்த பெண்.

"வெளிய போய்ட்டு மறுபடி உள்ள வாங்க சார், சரியாயிடும்" என்றார் மேனேஜர்.

சின்னக்காவுக்கு மட்டும்தான் தெரிந்தது. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். துணி விலகின இடத்தில் தொண்டைக் குழியில் ஓட்டை தெரிந்தது. அவர் மூச்சு விடும்போது அது ஈரமாக அசைந்தது.

"நெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். "அவர் குரலே அதான்."

புதுப்பெண்ணின் கேமரா அணைந்தது. மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி, அடுத்த விஷயத்துக்குப் போவோம்" என்றார்.

மீட்டிங் முடிந்ததும் அவள் காபி மெஷினில் இரண்டு கப் பிடித்து வந்து வைத்தாள். "மன்னிச்சிருங்க சார். எனக்குத் தெரியாது."

அவர் கருவியை எடுக்கவில்லை. போனில் தட்டிக் காட்டினார். தொண்டையில் புற்று, குரல்வளையை எடுத்துவிட்டார்கள், பழைய கம்பெனிக்குத் தெரியும், கைமாறியபோது யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

அவர் மறுபடி தட்டினார். "சொன்னா பாவம்னு பாப்பாங்க. அப்புறம் வேலை குடுக்கத் தயங்குவாங்க. வீட்ல இருந்து எல்லாரும் டைப் அடிக்கிறப்ப நானும் எல்லாரையும் மாதிரி ஆளா இருந்தேன் மேடம். அது நல்லா இருந்துச்சு."

பிறகு இன்னொரு வரி. "பஸ்ல இறங்கற இடத்தைக் கண்டக்டர்கிட்ட சொல்றதுக்குள்ள, பின்னாடி ஒருத்தர் செத்த பொணம் பேசுதுன்னார்." தட்டிவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை.

அன்று மாலை, அவரை இனி ஆபீஸுக்கு வரச் சொல்லக் கூடாது என்று அவள் மேனேஜரிடம் போனில் சண்டைக்கு நின்றாள். பதினெட்டு வருஷத்தில் அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவரும் மோசமான மனிதரில்லை. "எனக்கும் மனசு கேக்கல மேடம். அவர் வீட்லயே இருக்கட்டும். ஆனா உங்க பிரிவுல வருகை குறைஞ்சா மேலேர்ந்து என்னைக் குடைவாங்க. அவருக்குப் பதிலா யாராவது வாரத்துல ஒரு நாள் கூடுதலா வந்து ஈடுகட்டணும்."

யார் இருக்கிறார்கள்? ஒருத்திக்குக் கைக்குழந்தை, ஒருவருக்கு முதுகுவலி, புதுப்பெண்ணோ விடுதியில் இருக்கிறாள், கேட்டால் வருவாள், ஆனால் கேட்க மனம் வரவில்லை. "திங்கட்கிழமையும் நானே வர்றேன்" என்று சின்னக்கா சொல்லிவிட்டாள்.

விஷயத்தைக் கேட்ட கணவன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமலே, "உனக்கெதுக்கும்மா இந்த வேண்டாத வேலை? இருக்கிற அலைச்சல் போதாதா?" என்றான்.

"போதும்தாங்க. போதும் போதும்னுதான் இருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. சாம்பிராணி மாதிரி உக்காந்து பாத்துக்கிட்டா இருக்க முடியும்?"

திங்கட்கிழமை குக்கரைத் தான் பார்த்துக்கொள்வதாக அவன் சொன்னான். அதுவே பெரிய விஷயம்.

திங்கட்கிழமைகளில் ஆபீஸில் ஆளே இருக்காது. முழுத் தளத்துக்கும் அவள் ஒருத்தி. ஏசி மட்டும் யாருக்கோ வேலை பார்த்துக்கொண்டிருக்கும். முதல் திங்களன்று பத்து மணிவாக்கில் மியூட் சாரிடமிருந்து செய்தி வந்தது. ஒரு நீலக் கார், முன் பம்பர் பில்லில் இருக்கிறது, போட்டோவில் அடிபட்டிருப்பது பின் பம்பர். என்ன செய்யலாம்?

அவள் போட்டோவைப் பெரிதாக்கி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டென்று விளக்குகள் அணைந்தன. ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் தானாக அணைகிற விளக்குகள் அவை. அவள் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கி ஆட்டினாள். எரியவில்லை. எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். தன் கோலத்தை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது, கூடவே கால் வலித்தது.

விளக்கு எரிந்ததும் உட்கார்ந்து, "ஒர்க்‌ஷாப்ல விசாரிக்கச் சொல்லுங்க சார். பணம் இப்ப விட வேண்டாம்" என்று தட்டினாள்.

"சரி மேடம்" என்று வந்தது. அடுத்த பில்லைத் திறந்தாள்.