மேசைக்கு வந்த அன்ரனெற்

தொண்ணூற்றாறாம் ஆண்டு, மாசி மாதம். கனடாவில், ஸ்காபரோவில் தர்ம நிதிக்கென்று மண்டபமொன்றில் நடத்திய சூதாட்டத்தில், அகஸ்ரின் சனிக்கிழமை காலையிலிருந்தே போக்கர் மேசையில் இருந்தான். ஆடியது மைத்துனன் ஜெறோமுக்கென்று சேர்த்த காசு.

ஜெறோம், அகஸ்ரினின் மனைவி அன்ரனெற்றின் தம்பி. கொழும்பு லொட்ஜொன்றில், தமிழரைப் பிடித்துக்கொண்டு போகும் பொலிஸ் எப்போது கதவைத் தட்டும் என்ற பயத்தோடு இருந்தான். அவனைக் கனடாவுக்கு எடுப்பிக்க ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குக் கட்டுவதற்காகப் புருஷனும் பெண்சாதியும் ஓவர்டைம் செய்து சேர்த்த காசு அது. கொஞ்சம் எடுத்துத் தோற்று, தோற்றதைப் பிடிக்க இன்னும் எடுத்து, பாதியை அகஸ்ரின் முடித்துவிட்டிருந்தான்; அதில் மிச்சம், காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் சிப்ஸ் கொஞ்சம்தான் அவன் முன்னால் இருந்தது.

மத்தியானம் கழிய அன்ரனெற் உள்ளே வந்தாள். வங்கிக்குப் போய், பாதிக் காசு இல்லையென்று அறிந்து, மிச்சத்தை எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். சத்தம் போடுவாள் என்று அவன் தலையைக் குனிந்தான். அவளோ மிச்சப் பாதிக்கும் சிப்ஸ் வாங்கி வந்து, அவனுக்கு எதிர்க் கதிரையில் அமர்ந்தாள்.

“உமக்கென்ன விசரே?” என்றான்.

“பாதிக் காசுக்கு ஒருத்தரும் அவனைக் கூட்டிவராயினம். நீங்கள் துலைச்சதை நான் எடுக்கிறன்.”

மேசையில் ஆங்கிலம் மட்டும்தான் பேசலாம் என்றான் சீட்டுப் போடும் டீலர். இருவரும் தங்கள் தங்கள் சீட்டை எடுத்தார்கள்.

அவளுக்குத் தெரிந்த சீட்டாட்டம் ஊரில் ஆடிய முந்நூற்றுநாலு மட்டுந்தான். போக்கரைப் பற்றி அவன் வீட்டில் அளந்ததைக் கேட்டிருந்தாள், அவ்வளவே. முதலில் சிறிது வென்றாள், பிறகு தோற்கத் தொடங்கினாள். கடைசியில் மீதியிருந்த எல்லாவற்றையும் இரண்டு கைகளாலும் நடுவே தள்ளினாள். பக்கத்தில் இருந்த தாடிக்காரன் உடனே அதே அளவு வைத்தான்.

அகஸ்ரினின் கையில் இரண்டு கிங். மேசையில் விரித்திருந்த பொதுச் சீட்டுகளில் இன்னொன்று. தான் விலகினால் அவளுடைய காசு தாடிக்காரனிடம் போய்விடும் என்று அவனுக்குப் பட்டது. தன்னிடம் இருந்த அத்தனையையும் வைத்தான். வென்றான்.

சிப்ஸ் குவியலாக அவன் முன்னால் வந்தது. அன்ரனெற்றின் கண் கலங்கியது.

“காணும். எழும்புங்கோ, போவம்.”

அவன் குவியலைப் பார்த்தான். “ஏஜென்சிக் காசுக்குக் கொஞ்சந்தான் குறையுது. இன்னும் ஒரு கை.”

அவள் எட்டிச் சிப்ஸை அள்ளப் போனாள். டீலர் தடுத்தான். இவர் என் புருஷன் என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தாள். அவர் முன்னால் இருப்பது அவருடையது என்றான் டீலர். அவள் கோட்டைக் கையில் பிடித்தபடி அகஸ்ரினின் கதிரைக்குப் பின்னால் நின்றாள். இருட்டுவதற்கு முன்பே எல்லாம் போய் முடிந்தது.

மறுநாள் காலை, அன்ரனெற் லொட்ஜுக்குப் போன் எடுத்து ரிசீவரை அகஸ்ரினிடம் நீட்டினாள். “நீங்களே சொல்லுங்கோ.”

“அத்தான், ஏஜென்சிக்காரன் கேட்டவன்,” என்றான் ஜெறோம். “காசு அனுப்பியாச்சே?”

“இல்லை. நான் விளையாடித் துலைச்சிட்டன்.”



“அப்ப நான் எங்க போறது, அத்தான்?”

அன்ரனெற் ரிசீவரை வாங்கினாள். தம்பியின் பெயரைச் சொன்னாள்.