மூன்று சென்டிமீட்டர்

சுறாவை அளப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சென்டி குறித்த பலகையில் படுக்கவைத்து, மூக்கை அதன் தலைமாட்டில் அடித்த தலைக்கட்டையில் முட்டக் கொடுத்து, வாலை நீட்டிப் பிடித்து, நுனி தொடும் எண்ணை உரக்கச் சொன்னால் வேலை முடிந்தது. மீன்வள அலுவலகத்தில் பதினொரு வருடமாக இதைத்தான் செய்கிறேன். "ஊர்ல எல்லாரும் மனுஷங்களுக்குத் தைப்பாங்க, என் தங்கச்சி சுறாவுக்குச் சட்டை தைக்க அளவெடுக்கறா" என்பான் என் அண்ணன். அவன் படகுக்காரன். அவன் பிடித்து வருவதைத்தான் நான் அளக்கிறேன். அதனால் அவனுக்கு வாய் நீளம்.

சுறா என்றதும் ஆளை விழுங்குகிற ஏதோ ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவை கரையோரத்துச் சின்னச் சுறாக்கள். எவ்வளவு வளர்ந்தாலும் என் இடுப்பைத் தாண்டாது. வருடத்தில் மூன்று மாதம், குட்டி போடுவதற்காக எங்கள் வளைகுடாவுக்குள் வரும். கூட்டம் நன்றாக இருக்கிறதா என்று கடலுக்குள் போய் விசாரிக்க முடியாது. வலையில் வருகிறவற்றின் நீளத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பெரியவை குறைந்து சின்னவையே வந்தால், வீட்டில் மூத்தவர்கள் இல்லாமல் போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

சட்டம் எளிது. சராசரி நீளம் போன வருடத்தைவிடக் குறைந்தால், அந்த மூன்று மாதமும் வளைகுடாவில் வலை போடக் கூடாது. குறையவில்லை என்றால் போடலாம். அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடுவது நான்.

இந்த வருடம், அந்த மூன்று மாதம் தொடங்குவதற்கு முன்பு, வெளிக்கடல் வலைகளில் வந்த ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு சுறாக்களை அளந்தோம். நான் எண்ணைச் சொல்ல, கூட வேலை பார்ப்பவர் நோட்டில் எழுதுவார். அதனால், படகுகள் மீன் இறக்கும் இறங்குதளத்தில் அவருக்கு எழுத்தாளர் என்று பெயர். எண்களைத் தவிர அவர் வாழ்க்கையில் வேறு எதையும் எழுதியதில்லை. போன வருடச் சராசரி எழுபத்திரண்டு சென்டி. இந்த வருடம் எழுபத்துநான்கு. எழுத்தாளர் தலைகால் புரியாமல் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

நான் செய்தது அதைவிட மோசம். அறிக்கை மேசையை விட்டு நகர்வதற்கு முன்பே அண்ணன் வீட்டுக்குப் போய், "இந்த வருஷம் வளைகுடா திறந்திருக்கும்" என்று சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாதுதான். அவன் படகு சின்னது. வளைகுடாவைத் தாண்டினால் அதற்கு மூச்சு வாங்கும். மூடினால் மூன்று மாதம் அவன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போக வேண்டும். கைக்குழந்தை வேறு. அவன் முகத்தைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நிச்சயமாவா?" என்றான்.

"நான் என்னைக்கு அளந்து தப்பாப் போயிருக்கு?"

மறுநாளே அவனும் அண்ணியும் புது வலை கட்ட உட்கார்ந்துவிட்டார்கள். அந்தச் சுறாவுக்கென்றே கண் அளவு வைத்த வலை. வேறு எதற்கும் ஆகாது.

என் அளவைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அண்ணன் மகள் பிறந்து மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே அது முடிவாகிவிட்டது. அவள் அட்டையில் நீளம் ஐம்பது என்று நர்ஸ் எழுதியிருந்தார். "என்ன இது, குட்டையா எழுதியிருக்காங்க" என்று அண்ணனுக்கு மனத்தாங்கல். நான் அன்று இறங்குதளத்திலிருந்து நேராகப் போயிருந்தேன், பலகை கையில் இருந்தது. அதை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவி, மேலே துணி விரித்து, மருமகளைப் படுக்கவைத்தேன்.

"ஏய், என் பிள்ளையை மீன் பலகையிலயா போடற!" என்று அண்ணி கட்டிலில் இருந்தபடியே கத்தினார்.

"அசையாம இருங்க அண்ணி. வால் எங்க... சரி, கால். ஐம்பத்துமூணு!"

அண்ணன் துள்ளிக் குதித்தான். "ஒரு நாள்ல மூணு சென்டி வளர்ந்துட்டா!"

"வளரல. அவங்களுக்கு அளக்கத் தெரியல" என்றேன். எனக்குத்தான் எவ்வளவு திமிர். அண்ணன் பேனாவை எடுத்து, நர்ஸ் எழுதியதை அடித்துவிட்டு, பக்கத்தில் 53 என்று பெரிதாக எழுதினான். அன்றிலிருந்து அவளுக்குச் சுறாக்குட்டி என்று பெயர்.

வியாழக்கிழமை அறிக்கை மேலதிகாரியிடம் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை மதியம் கடைசி அட்டவணையை நிரப்பிக்கொண்டிருந்தேன். குட்டிகளுக்கான அட்டவணை. அதை யாரும் படிப்பதில்லை. நானே ஒப்புக்குத்தான் போடுவேன்.

ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்று தாய்ச்சுறாக்களை வாங்கி, அலுவலகத்தின் பின்னறையில் வயிற்றைக் கீறி, உள்ளே இருக்கும் குட்டிகளை இரும்புக்கோலால் அளப்போம். பிறக்கத் தயாராக இருந்தவை முப்பத்தைந்திலிருந்து முப்பத்தேழு சென்டி வரை இருந்தன. சரி. அடுத்த பத்தியில், பருவத்துக்கு முன்பே பிறந்து வலையில் வந்த குட்டிகள், இறங்குதளத்தில் பலகையில் அளந்தவை. கொப்பூழ்த் தழும்பு இன்னும் மூடாதவை, அதாவது பிறந்து சில நாள்கூட ஆகாதவை. முப்பத்தெட்டிலிருந்து நாற்பது.

வயிற்றுக்குள் முப்பத்தேழுக்கு மேல் ஒன்றுகூட இல்லை. வெளியே முப்பத்தெட்டுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. தழும்பு ஆறுவதற்குள் எல்லாமே மூன்று சென்டி வளர்ந்திருக்கின்றன.

"ஒரு நாள்ல மூணு சென்டி" என்ற அண்ணன் குரல் காதில் விழுந்தது.

பொருள் அறைக்குப் போய்ப் பலகையை எடுத்து மேசையில் வைத்தேன். முப்பது சென்டி இரும்புக்கோலைத் தலைக்கட்டையில் முட்டவைத்தேன். அதன் மறுமுனை பலகையில் முப்பத்துமூன்றைத் தொட்டது. கோலைத் திருப்பி வைத்தேன். முப்பத்துமூன்று. துடைத்துவிட்டு வைத்தேன். முப்பத்துமூன்றேதான்.

எல்லாம் நினைவுக்கு வந்தது. வருட ஆரம்பத்தில் பழைய தலைக்கட்டை பிளந்துபோயிற்று. புதுப் பலகை கேட்டால் எழுதிக் கேட்கவே ஒரு மாதமாகும். நானே ஒரு கட்டையை வெட்டித் திருகாணி போட்டேன். பலகையின் ஓரம் உளுத்திருந்ததால் ஆணி பிடிக்கவில்லை. கொஞ்சம் உள்ளே தள்ளி முடுக்கினேன். அளவுப் பட்டையின் முதல் மூன்று சென்டி கட்டைக்கு அடியில் போயிற்று. 'நாளைக்குப் பட்டையை நகர்த்தி ஒட்டிக்கலாம்' என்று நினைத்தேன். மறுநாள் ஆறு படகு ஒன்றாக வந்தது. அப்புறம் யார் தலைப்பக்கம் பார்த்தார்கள்? படிக்க வேண்டிய எண் வால் பக்கத்தில் அல்லவா இருக்கிறது.

கழித்துப் பார்க்க இயந்திரம் தேவைப்படவில்லை. எழுபத்துநான்கில் மூன்று போனால் எழுபத்தொன்று. போன வருடத்தைவிட ஒன்று குறைவு. மூட வேண்டும்.

கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். மனசு போன போக்கைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு திருப்புளி இருந்தால் போதும், கட்டையைக் கழற்றி வெளியே மாட்டிவிடலாம். எழுத்தாளர் நோட்டைத் தவிர எதையும் பார்க்க மாட்டார். குட்டிகள் அட்டவணையை இடமில்லை என்று விட்டுவிடலாம். ஒரே ஒரு வருடம். ஆனால் இந்த வருடம் குட்டி போட வரும் தாய்களைப் பிடித்துவிட்டால், அடுத்த வருடம் அளக்க என்ன வரும்?

அதிகாரியிடம் ஒப்புக்கொள்வது எனக்குப் பயமாக இல்லை. திட்டுவார், வாங்கிக்கொள்ளலாம். மற்ற படகுக்காரர்கள் முகத்தைக்கூடப் பார்த்துவிடுவேன். அண்ணன் முகத்தைத்தான் எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. ஊரார் சொல்லி அவன் காதில் விழுவதைவிட நானே சொல்வது மேல் என்று, பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

வலை முடிந்திருந்தது. கூடம் முழுக்க விரித்து, கடைசி மிதவைகளைக் கட்டிக்கொண்டிருந்தான். சுறாக்குட்டி ஓர் ஓரத்தில் குப்புறப் படுத்து ஒரு மிதவையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"வா வா, கணக்குப்புலி. முடிச்சு எப்படி இருக்கு, பாரு" என்றான்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். கட்டை, ஆணி, பட்டை, மூன்று சென்டி, எழுபத்தொன்று. அண்ணி கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்றான் கடைசியில்.

"இப்போதைக்கு நமக்கு மட்டும்."

"சரி, அப்போ..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை.

"அண்ணா, நான் உன்கிட்ட கேக்க வரல. சொல்லத்தான் வந்தேன்." திடமாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம். பாதியிலேயே குரல் உடைந்து, அழுதுவிட்டேன். இத்தனை வயதில், வலை நடுவில் நின்றுகொண்டு, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன்.

அவன் மிதவையை உருட்டிக்கொண்டிருந்தான். கோபம் வந்தால் அவன் கத்துவான். கத்தியிருந்தால் தேவலை.

"எனக்குத் தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"ரெண்டு வருஷமாப் பாக்கறேன். முன்னாடியெல்லாம் வலையை இழுத்தா பெரிய தாய் அஞ்சாறு இருக்கும். இப்போ ஒண்ணு வந்தா அதிசயம். இவகிட்டகூடச் சொன்னேன்."

அண்ணி ஆமாம் என்று தலையாட்டினார்.

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ எழுபத்துநாலுன்னு சொன்னே. உன் பலகை சொன்னா சரியாத்தான் இருக்கும், நம்ம கண்ணுதான் பழுதுன்னு விட்டுட்டேன்." நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "என் கண்ணைவிட உன்னை நம்பினேன்."

அவன் திட்டவில்லை. இருந்தாலும் அதற்குப் பிறகு எனக்கு அழுகைகூட வரவில்லை.

அண்ணன் எழுந்து, வலையை மிதிக்காமல் சுவரோரமாக நடந்து, அலமாரியைத் திறந்தான். குழந்தையின் அட்டையை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றான். அவன் எழுதிய 53 அதில் கொட்டைக் கொட்டையாக இருந்தது. என் சட்டைப் பையில் இருந்த பேனாவை அவனே உருவி, அதைக் குறுக்கே அடித்தான். அதற்குக் கீழே, இடம் போதாமல் நெருக்கி, 50 என்று எழுதினான். மை காயும்வரை ஊதினான்.

"இதுல ஒண்ணும் குறைஞ்சு போயிடல. பிள்ளை அதே பிள்ளைதான்" என்று பேனாவை என்னிடம் நீட்டினான். "போ. நீயும் போய்த் திருத்து."

அண்ணி மறுபடி கத்தரிக்கோலை எடுக்கவில்லை. வலையின் ஒரு முனையை அவரும் மறுமுனையை அண்ணனும் பிடித்து மடிக்க ஆரம்பித்தார்கள். நான் குனிந்து, சுறாக்குட்டியின் வாயிலிருந்து மிதவையை மெல்லப் பிடுங்கி அவர்களிடம் கொடுத்தேன். வீடே அதிரும்படி அவள் அழுதாள்.