துணிக்கொடி ஏரியல்

பூட்டின் மணிக்கட்டைக் கடித்தபோது எனக்குக் கொஞ்சம்கூட வெட்கமாக இல்லை. நாற்பத்து மூன்று வயது ஆள் இன்னொரு ஆளைக் கடிப்பதா என்று நீங்கள் கேட்கலாம். இடுப்புக்குக் கீழே உயிரில்லாதவன் எப்படி உதைப்பான்? நாற்காலியில் உட்கார்ந்தபடி எவன் கன்னம் எட்டும்? எட்டியது அதுதான். ஜன்னலுக்கு வெளியே நான் கட்டியிருந்த ஏரியல் கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கி என் மடியில் கொட்டிவிட்டு, "இந்தா, வச்சு விளையாடு" என்றான். அதோடு நிற்காமல் கீழே விழுந்த என் ரேடியோ மைக்கைச் செருப்புக் காலால் மிதித்தான். சக்கர நாற்காலியின் கால்பலகையை அவன் முழங்காலில் மோதினேன். குனிந்தான். கடித்தேன். காதோடு சேர்த்து இரண்டு அறை விட்டான். மூன்றாவது அறைக்குத்தான் பல்லை எடுத்தேன்.

பூட்டு என்பது எங்கள் குடியிருப்பின் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர். மொட்டைமாடிக்குப் பூட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பூட்டு, லிஃப்டுக்குக்கூட எட்டு மணிக்கு மேல் பூட்டு. உடல் ஊனமுற்றவர்களுக்கான சலுகை வாடகை வீடுகள் இவை. சலுகை கொடுத்தவர்கள் கூடவே இருபத்தேழு விதிகளும் கொடுத்தார்கள். பதினொன்றாவது விதி: காயப்போடும் துணி தவிர எதுவும் வெளியே தொங்கக் கூடாது. வீட்டிலிருந்தே உலகம் முழுக்கப் பேசும் ஹாம் ரேடியோவுக்கு என்னிடம் உரிமம் இருக்கிறது, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். அதைக் காட்டினால், "உரிமம் பேசறதுக்கு. கம்பி கட்டறதுக்கு இல்ல" என்பான். என்ன மூளை!

நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தேன். விழுந்து முதுகு உடைந்த பிறகு வந்தவர்கள் எல்லோரும் என் தலைக்கு மேலாக அக்காவிடம்தான் பேசினார்கள். "சாப்பிட்டாரா? தூங்கினாரா?" பக்கத்திலேயே நான் உட்கார்ந்திருப்பேன். ரேடியோவில் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கலங்கரை விளக்கக் காவலர் இருக்கிறார். தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு இருவரும் தந்திச் சாவியை அழுத்தி மோர்ஸ் குறியீட்டில் தட்டுவோம். ஒன்பது மாதமாகப் பேசுகிறோம், இரண்டு முறை பெரிய சண்டை கூடப் போட்டிருக்கிறோம். நான் எழுந்து நிற்க முடியாதவன் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் நான் காலையில் கண்ணைத் திறக்கிறேன்.

கடித்ததற்குப் பலன் சும்மா போகுமா? கடிதம் வந்தது. வியாழக்கிழமை ஆய்வு. இன்னொரு மீறலைக் கண்டால் ஏழு நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

அக்கா அதை மூன்று முறை படித்தாள். சட்டைத் தொழிற்சாலையில் காஜா எடுப்பவள் அவள். காலையில் என்னைக் குளிப்பாட்டி, தூக்கி நாற்காலியில் வைத்துவிட்டுப் போவாள். மாலை வந்து தூக்கிக் கட்டிலில் போடுவாள். பதினோரு வருடமாக இதுதான்.

"உன்னையும் தூக்கிக்கிட்டு தெருவுல எங்கடா போய் நிப்பேன்? எல்லாத்தையும் கழட்டிடு."

"கழட்டிடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமாக்கா."

பச்சைப் பொய். அதற்கு முந்தைய வாரமே நான் வேறு வழி கண்டுபிடித்திருந்தேன். மாடிப்படியிலிருந்தே வந்துவிடக்கூடிய பின்பக்கத் தாழ்வாரத்தில் எங்கள் துணிக்கொடி இருக்கிறது. உருக்குக் கம்பி, இரண்டு முனையையும் நைலான் கயிற்றில் கட்டியிருக்கிறார்கள். அதைவிட நல்ல ஏரியல் எனக்கு எவன் தருவான்? சமையலறை ஜன்னல் வழியாக ஒரு மெல்லிய ஒயரை நீட்டி கிளிப் போட்டுவிட்டேன். துணிக்கொடிதானே, பதினொன்றாவது விதி வாயை மூடிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். ஒரே குறை, அந்தத் தாழ்வாரத்துக்கு நான் போக முடியாது. வாசலில் முழ உயரப் படி. ஊனமுற்றோர் வீட்டில் படி கட்டிய மகான் யாரோ!

புதன்கிழமை பகல். காவலர் மழையைத் திட்டிக்கொண்டிருந்தார், நான் பூட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். அக்கம்பக்கத்து டிவி கரகரக்காமல் இருக்க நான் எப்போதும் ஐந்து வாட்டில்தான் பேசுவேன். அப்போது மீட்டர் முள் ஏறியது.

ஏரியல் ஏற்காமல் திருப்பி அனுப்பும் மின்சாரத்தை அந்த மீட்டர் காட்டும். கம்பியில் கை வைத்தால் முள் ஏறும். சாவியை விட்டுவிட்டு மறுபடி தட்டிப் பார்த்தேன். முள் இறங்கவில்லை. யாரோ என் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

யாரோ என்ன யாரோ! அக்கா வேலைக்குப் போயிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கையே இல்லை. பூட்டுதான், கட்டிங் பிளேயரோடு வந்திருக்கிறான். எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

ரேடியோக்காரன் மட்டும் அறிந்த ஒரு விஷயம் உண்டு. பெரிய திறனில் சாவியை அழுத்தும்போது அந்தக் கம்பியைத் தொட்டால் சுடும். மேல்தோலில் ஒரு வெள்ளைப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை வெந்துபோயிருக்கும். எங்கள் கூட்டத்தில் ஒருமுறையாவது விரல் நுனியில் அதை வாங்காதவர் கிடையாது. அதனால்தான் யாராவது கம்பியருகில் நின்றால் சாவியைத் தொடவே மாட்டோம். முதல் நாளே கற்றுக்கொள்ளும் பாடம்.

காவலரைக் காத்திருக்கச் சொல்லித் தட்டினேன். என்னுடையது பழைய வால்வு கருவி, எதையும் தாங்கும். குமிழை நூறு வாட்டுக்குத் திருப்பி, சாவியை அழுத்திப் பிடித்தேன்.

ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், பதினோரு வருடத்தில் எதுவும் அப்படி இனித்ததில்லை. மூன்றில் வாளி உருண்டது. ஆள் விழும் சத்தம் கேட்டது. ஒரு அலறல். அதற்குப் பிறகும் நான் கையை எடுக்கவில்லை. 'இன்னும் வாங்குடா' என்று சொல்லிக்கொண்டே ஐந்து வரை எண்ணினேன். ஐந்தில்தான் அந்தக் குரல் "அம்மா" என்றது.

பூட்டின் குரல் இல்லை அது.

நாற்காலியிலிருந்து எப்படி விழுந்தேன், எப்படித் தரையில் இழுத்துக்கொண்டு போனேன் என்பதெல்லாம் ஞாபகம் இல்லை. படியின்மேல் மார்பு கிடக்க எட்டிப் பார்த்தேன். அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். என் சத்தியத்தின் லட்சணம் அவளுக்குத் தெரியாதா? என்னோடு சண்டை போட வேண்டாம் என்று, என்னிடம் சொல்லாமலே, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, நான் மறுபடி கிளிப் மாட்ட முடியாதபடி கொடியையே அவிழ்க்கப் பார்த்திருக்கிறாள். முடிச்சு இறுகியிருந்ததால் கம்பியை வலக்கை விரல்களில் சுற்றி இழுத்திருக்கிறாள். உதறியும் அது உடனே கழலவில்லை. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் வெள்ளையாக வெடித்திருந்தன. கருகிய நாற்றம் என் மூக்குவரை வந்தது.

"யாருன்னு நினைச்சே?" என்று கேட்டாள்.

"பூட்டுன்னு."

"நான் கத்தினது கேட்டுதா?"

"கேட்டுது."

"கேட்டும் விடலியா?"

அக்கா தவழ்ந்து வந்து இடக்கையால் என்னை அறைந்தாள். பூட்டு அறைந்ததெல்லாம் ஒரு அறையா? உதடு கிழிந்து பல்லில் ரத்தம் கரித்தது. இன்னும் நாலு வைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு அந்தக் கையாலேயே கிளிப்பை ஒயரோடு பிடுங்கிச் சேலைக்குள் செருகினாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

பூட்டு வந்து நின்றான். உருண்ட வாளியையும் என் உதட்டையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னம்மா இது, என்னாச்சு?"

"இஸ்திரிப் பெட்டி சார். சுட்டுடுச்சு."

"இங்கயா இஸ்திரி போட்டீங்க?"

"வலி தாங்காம வெளிய ஓடி வந்துட்டேன் சார். இவன் பதறிப்போய் கீழ விழுந்துட்டான்."

அவன் கொடியைப் பார்த்தான். அதில் இப்போது குற்றம் பிடிக்க எதுவும் இல்லை. வீடு தப்பித்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அதை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

அக்கா எழுந்து, வழக்கம்போல என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தாள். விரல் மடங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை முயன்றாள். முடியவில்லை.

"சார், கொஞ்சம் இவனைத் தூக்கி விடுங்க."

நான் பொசுக்க நினைத்தவன் எனக்குப் பின்னால் வந்து குனிந்தான். அவன் மூச்சு என் பிடரியில் பட்டது. எங்கே பிடிப்பது என்று தெரியாமல் அவன் தடுமாற, அக்கா வெந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"முதுகுல கை வைக்காதீங்க சார்" என்றாள். "அவனுக்கு வலிக்கும்."