மாற்றி வாங்கிய மணி

மாமியாரின் பாதங்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"இன்னிக்கு மணி அடிக்கலியா?"

மருமகளின் கை நின்றது. இரண்டு நாளாகக் கிழவிக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. டாக்டர் வந்து பார்த்து, இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். கணவன் காலைப் பஸ்ஸை ஓட்டிவிட்டு மதியத்துக்குள் வந்துவிடுவதாக அரைமனதோடு கிளம்பியிருந்தான். ஆனால் இப்போது வந்த குரல் பழையபடி கணீரென்று இருந்தது.

"இதோ அத்தை," என்று எழுந்தாள்.

பூஜை அலமாரி அந்த அறையிலேயே இருந்தது. மாமியாருக்குப் பார்வை போய் ஏழு வருஷம். மருமகளுக்கோ மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. "ஊரு பூராவுக்கும் கண்ணாடி மாட்டி விடுறா, எனக்கு மட்டும் ஒண்ணும் பண்ண மாட்டேங்கிறா" என்று கிழவி வருகிறவர்களிடமெல்லாம் கேலி பேசுவாள். விளக்கு எரிவது அவளுக்குத் தெரியாது. கற்பூரம் வாசனையில் தெரியும். தட்டைக் கிட்டே கொண்டுபோனால் சூட்டில் தெரியும். மணி ஒன்றுதான் முன்பு போலவே முழுசாக அவளிடம் வந்து சேர்ந்தது. அதைக் கேட்கத் தலையைச் சாய்த்துக்கொள்வாள்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் மருமகள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பூஜைச் சாமான்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "தேய்க்கிறதுல மனசே இல்ல, சத்தத்துலயே தெரியுது" என்று உள்ளேயிருந்து மாமியாரின் பேச்சு வந்தது. கையிலிருந்த மணியைச் சுவரில் விட்டெறிந்தாள். கைப்பிடி தனியாக, மணி தனியாகப் போய் விழுந்தது. அன்று மாலையே நாலு கடை ஏறி இறங்கி வேறொன்று வாங்கி வைத்தாள். அதே கனம் கிடைத்தது. அதே குரல் கிடைக்கவில்லை. கண் தெரியாதவளின் சாமியையே மாற்றிவிட்டது போல் அது உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

இப்போது அடித்தாள். தலையணையில் தலை சாய்ந்தது.

"எங்க வாங்கின இதை?"

மருமகள் மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை..."

"நல்ல மணிடி. அதான் கேக்குறேன்."

"தெரியுமா உங்களுக்கு?"

"கண்ணுதானே போச்சு. நீ எறிஞ்ச சத்தம் அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும்."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ ஆமான்னு சொல்லுவே. நான் திட்டணும். அப்புறம் நீ விளக்கைத் தூக்கி எறிவே." கிழவி மூச்சு வாங்கிக்கொண்டாள். "அது எம் மாமியா மணி. அடிச்சாலே அவ என்னைக் கூப்பிடுற மாதிரி இருக்கும். அவ போன பொறவும் முப்பது வருஷம் பயந்துக்கிட்டேதான் அடிச்சேன். நீ உடைச்ச அன்னிக்கு எனக்குத்தான் அப்பாடான்னு இருந்துச்சு."

மருமகள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஏதோ ஒன்று அவளிடமிருந்து வெளிவந்தது.

"சாமிக்குக் காது கேக்காதுன்னா மணி அடிக்கிறோம்? அந்த நேரமாவது வீட்டுச் சண்டை நம்ம காதுல விழாம இருக்கத்தான். இன்னொருவாட்டி அடி. மெதுவா."

அடித்தாள். ஓசை அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கிழவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். பதினோரு மணி வாக்கில் போர்வையைச் சரிசெய்யக் குனிந்தபோது மூச்சு நின்றிருந்தது.

கணவன் யூனிஃபார்மோடு ஓடிவந்தான். அம்மாவின் கையைப் பிடித்து வெகுநேரம் அழுதான். பிறகு, "கடைசியா என்ன சொன்னாங்க?" என்று கேட்டான்.

"என்னைத் திட்டல," என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. "ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?"

"இல்லைங்க. நல்லாப் பேசிக்கிட்டு இருந்தாங்க. கேலிகூடப் பண்ணாங்க."

இறுகியிருந்த அவன் தோள்கள் தளர்ந்தன.

மறுநாள் எல்லாம் முடிந்தது. குளித்துவிட்டு வந்தவள் ஈரத்தலையோடு சமையலறை ஓரத்தில் வெறுந்தரையில் சாய்ந்தாள். வீடு நிறைய ஆட்கள். "பாவம், அழுது அழுது ஓய்ஞ்சு போயிட்டா," என்று நாத்தனார் யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் தூக்கத்தில் கண் செருகியது.

டம்ளர் எடுக்க வந்த யாரோ அவளைத் தாண்டிப் போனார்கள். அவள் அசையவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது.