அழ வேண்டிய இடத்தில் சிரித்த பீம்

அவனுக்குச் ‘சித்தப்பா’ என்று பேர் வைத்தது கல்லூரி. வீட்டில் அவன் ஒரே பிள்ளை, அவனைச் சித்தப்பா என்று கூப்பிட ஒரு பூச்சி புழுகூடக் கிடையாது. நாலு வருஷத்தில் முடிய வேண்டிய சிவில் இன்ஜினியரிங்கில் எட்டாவது வருஷமும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் பிள்ளைகள் வேறு என்னவென்று கூப்பிடுவார்கள்? அண்ணன் என்று கூப்பிட்ட செட்டு படித்து முடித்துப் போயே போய்விட்டது. அடுத்து வந்தவர்கள் ஒரு படி ஏற்றிச் சித்தப்பா ஆக்கிவிட்டார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம். ஆனால் ‘ர்’ போட்டு மரியாதை எல்லாம் வேண்டாம், அவனுக்கு வயது இருபத்தாறுதான்.

நாற்பத்தெட்டுப் பேப்பரில் நாற்பத்தேழு பாஸ். ஒன்றே ஒன்று நிற்கிறது. பிள்ளைகள் ‘ஸ்ட்ரக்சுரல்’ என்று சுருக்கிச் சொல்வது. ஒரு கட்டடத்தின் எந்த இடத்தில் எவ்வளவு பாரம் விழும், அதற்குத் தூண்கள் மேல் கிடக்கிற பீம், அதாவது உத்திரம், எப்படி வளையும் என்று கணக்குப் போடுகிற பேப்பர். மூன்றாம் வருஷம் அந்தப் பரீட்சைக்கு முதல் நாள் அவனுடைய அப்பா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு விட்டதுதான். அதற்குப் பிறகு எழுதி எழுதிப் பார்த்தான், ஒட்டவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு ஒரு விதி இருக்கிறது. சேர்ந்த நாளிலிருந்து எட்டு வருஷம். அதற்குள் முடிக்காவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். ஒரு பேப்பர்தானே என்று விட்டுவைக்க மாட்டார்கள். பாஸ் பண்ணிய நாற்பத்தேழும் சேர்ந்து போகும். எந்தப் புண்ணியவான் போட்ட விதியோ, அவன் நன்றாக இருக்கட்டும்!

ஆகவே இந்த முறை எழுதுவது கடைசி முறை. சித்தப்பாவுக்குத் தெரியும். நூலகத்தில் அவன் எதிரே உட்கார்ந்து மூன்று மாதம் சொல்லிக்கொடுத்த புள்ளிக்கும் தெரியும்.

புள்ளி கடைசி வருஷப் பெண். தசமப் புள்ளியைப் பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்தி வைப்பாள், அதனால் அந்தப் பேர். வகுப்பில் முதல் மார்க். தலைக்கனம் துளியும் இல்லாத பிள்ளை.

“சித்தப்பா, இங்க பாருங்க” என்பாள். ஸ்கேலை இரண்டு அழிப்பான்கள் மேல் வைத்து நடுவில் விரலால் அமுக்குவாள். “பீம் சிரிக்குது. சிரிச்சா அடிப்பக்கம் இழுபடும், அதத் தாங்கற கம்பி கீழ. இது பிளஸ்.” பிறகு நடுவில் மூன்றாவது அழிப்பானைச் செருகி இரண்டு பக்கமும் அமுக்குவாள். “இப்ப நடுவுல உதட்டைப் பிதுக்கி அழுவுது. அழுதா மேல்பக்கம் இழுபடும், கம்பி மேல. இது மைனஸ்.”

“இது தெரியாதாம்மா எனக்கு? தினமும் கட்டட வேலைல சைட்டுல பாக்கறதுதான.”

“தெரியுது. ஆனா டேபிள் போடும்போது மட்டும் ஏன் கோட்டை விடறீங்க?”

அங்கேதான் சனி. அந்தக் கணக்கை ஒரு அட்டவணையாகப் போட வேண்டும். அட்டவணைக்குள் சிரிப்பு அழுகை எல்லாம் கிடையாது, கடிகாரம் சுற்றுகிற பக்கம் பிளஸ், எதிர்ப்பக்கம் மைனஸ். அட்டவணை முடிந்து படம் வரையப் போகும்போது, ஒவ்வொரு பீமுக்கும் வலது முனையில் மட்டும் பிளஸ் மைனஸை ஒரு தடவை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு தடவை. மாற்றாமல் விட்டால், ஒரே தூணின் மேல் பீம் ஒரு பக்கம் சிரித்து மறுபக்கம் அழும். சித்தப்பா இதுவரை எழுதிய அத்தனை தடவையும் மாற்றாமல் விட்டவன்தான்.

“வலது முனை, ஒரு தடவை” என்று புள்ளி அவன் நோட்டில் எழுதிக் கொடுத்தாள். அதை அவன் குளிக்கும்போதும் சொன்னான், பஸ்ஸிலும் சொன்னான். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு தடவை எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்.

பரீட்சை அன்று காலையில் தாளைத் திருப்பினான். வயிறு குளிர்ந்தது. கட்டாயம் எழுத வேண்டிய பெரிய கணக்கு அதேதான்: மூன்று தூண், இரண்டு பீம், மேலே பாரம். கணக்கைப் போட்டு, வளைவுப் படம் வரைந்து, கம்பி எங்கே வரும் என்று காட்டவும். அட்டவணையைப் போட்டான். சுத்தமாக முடிந்தது. நடுத்தூணில் இடப்பக்கம் பிளஸ் நாற்பத்தைந்து, வலப்பக்கம் மைனஸ் நாற்பத்தைந்து. முதல் பீமின் வலது முனையில் பிளஸை மைனஸாக்கிப் பக்கத்தில் எழுதினான். இரண்டும் மைனஸ். நடுத்தூணில் பீம் அழுதது. கம்பியை மேலே வரைந்தான். இந்த உலகத்தில் அவனுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். பாவி, வரவில்லையே! பத்து நிமிடம் இருந்தது. இருந்தால் சும்மா இருக்குமா கை? திரும்பப் பார்த்தான். நடுத்தூணில் இரண்டு மைனஸ். இத்தனை வருஷம் அடிவாங்கிய மனசு சொன்னது: ‘மாத்தாம விட்டுட்டியேடா! மாத்தலன்னா இப்படித்தான மைனஸா நிக்கும்? மறுபடியும் அதே தப்பா?’ நெற்றியில் குப்பென்று வேர்த்தது. மைனஸைப் பிளஸ் ஆக்க என்ன பெரிய வேலை, குறுக்கே ஒரு கோடு. இரண்டுக்கும் போட்டான். படத்தை அழித்துத் திருப்பி வரைந்தான். மேலே இருந்த கம்பியையும் அழித்துக் கீழே இறக்கினான். கடைசிக் கோட்டை இழுக்கும்போது மணி அடித்தது. சரியான நேரத்தில் கண்டுபிடித்துவிட்டோம் என்று அவனுக்குச் சந்தோஷம் வேறு!

வாசலில் புள்ளி காத்திருந்தாள். அவளுக்கு அன்றைக்குப் பரீட்சையே கிடையாது, இவனுக்காக வந்திருந்தாள்.

“கேள்வித்தாள் பாத்துட்டேன் சித்தப்பா. நம்ம கணக்கு! மாத்துனீங்கல்ல?”

“மாத்துனேன்.”

“அப்பாடா! நடுத்தூண் மேல ரெண்டு பக்கமும் மைனஸ். கம்பி மேல. முடிஞ்சுது போங்க, நீங்க பாஸ்.”

சித்தப்பா அவள் முகத்தையே பார்த்தான். அப்போதுதான் அவன் கண்ணுக்குப் பீம் தெரிந்தது. உள்ளே மூன்று மணி நேரமும் பிளஸையும் மைனஸையும் பார்த்தானே தவிர, பீமைப் பார்க்கவே இல்லை.

“மேலதான போட்டீங்க?”

“மேலதான்” என்றான். வேறு என்ன சொல்வது? அந்தப் பிள்ளை கைதட்டிக்கொண்டு குதித்தது.

மத்தியானம் சைட்டுக்குப் போனான். மூன்று வருஷமாக ஒரு சின்னக் கட்டுமானக் கம்பெனியில் சூப்பர்வைசர். அன்றைக்கு இரண்டாம் மாடிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பி மேஸ்திரி பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத மனுஷன். வாயில் பீடியும் கையில் கட்டுக்கம்பியுமாக நடுத்தூண் மேல் குந்தியிருந்தார்.

“சார், எக்ஸ்ட்ரா கம்பி மேல போட்டுட்டேன். பாத்துக்கங்க” என்றார்.

“மேஸ்திரி, இத கீழ போட்டா என்ன ஆகும்?”

மேஸ்திரி பீடியை எடுத்துவிட்டுச் சிரித்தார். “என்ன சார் சோதிக்கறீங்களா? தூண் மேல கம்பிய எவனாச்சும் கீழ போடுவானா? அப்படியே மேல வாயப் பொளந்துக்குமே!”

சித்தப்பா அங்கேயே ஜல்லிக் குவியலில் உட்கார்ந்துவிட்டான். வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்து மேஸ்திரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஊர் சொல்லும். இவன் விஷயத்தில் கறிச் சுரைக்காய் ஏட்டுக்கு உதவவில்லை. இதே தப்பைச் சைட்டில் யாராவது செய்திருந்தால் நூறு அடி தள்ளி நின்றே கத்தியிருப்பான்.

ரிசல்ட் வர ஏழு வாரம் ஆனது. ஐம்பதுக்குப் பாஸ், இவனுக்கு நாற்பத்தேழு. மறுமதிப்பீட்டுக்கு எழுதிப் போட்டான். நாற்பத்தேழு நாற்பத்தேழாகவே திரும்பி வந்தது. அதன் பின்னாலேயே பேர் நீக்கப்பட்ட கடிதமும் வந்தது, இரண்டே வரி.

அவனுடைய அம்மா ஒரு தையற்கடையில் பொத்தான் தைக்கிறவள். அன்றைக்கும் மடியில் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். கடிதத்தைப் படித்துச் சொன்னான். ஊசியில் நூலைக் கோத்தபடியே கேட்டுக்கொண்டாள்.

“சரி விடு. அடுத்த தடவ எழுதிக்கலாம்.”

“அடுத்த தடவ இல்லம்மா.”

“ஏன், இந்த வருஷம் பரீட்ச வைக்க மாட்டாங்களா?”

“வைப்பாங்க. நான் எழுத முடியாது.”

“மூணு மார்க்குதானப்பா? அந்த நாப்பத்தேழு பேப்பர் இருக்குல்ல, அதுலேருந்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கச் சொல்லேன். நீ போய் நல்லபடியா கேளு. உங்கப்பா செத்ததச் சொல்லு.”

“அதெல்லாம் இல்லம்மா. அந்த நாப்பத்தேழும் இல்ல. நான் படிக்கவே இல்லன்னு ஆயிடுச்சு.”

“படிக்கலயா?” என்றாள் அம்மா. “எட்டு வருஷம் நான் சோறு கட்டிக் குடுத்தனே, அது எங்க போச்சு?” கோபமாக இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். அவன் குழந்தை மாதிரி அழுதான். அவளும் அழுதாள். சட்டை நனைந்துவிடுமே என்று அதை மட்டும் எட்டத் தள்ளி வைத்தாள்.

அடுத்த வாரம் முதலாளி கூப்பிட்டார். கெட்ட மனுஷன் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் வாயாரத் திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

“உன் வேலைல ஒரு சொல்லு சொல்ல முடியாதுப்பா. ஆனா ஒவ்வொரு கான்கிரீட்டுக்கு முன்னாடியும் செக் பண்ணிக் கையெழுத்துப் போட டிகிரி உள்ள ஆள் வேணும்னு இப்ப ஆபீசருங்க கண்டிப்பா கேக்கறாங்க. உனக்காகத்தான் இத்தன நாள் வெளியாளுகிட்ட கையெழுத்து வாங்கி ஓட்டினேன். இனிமே முடியாது. நீ இரு, ஆனா உனக்கு மேல ஒரு ஆள் போடணும். உனக்குத் தெரிஞ்ச நல்ல பசங்க யாராவது இருந்தா சொல்லு.”

நாமாக இருந்தால் சொல்லியிருப்போமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். சித்தப்பா, அதற்குள் டிகிரி வாங்கிவிட்ட புள்ளியின் நம்பரை மனப்பாடமாகவே சொன்னான்.

அவள் வந்த முதல் நாளே மூன்றாம் மாடிக்குக் கான்கிரீட். ஸ்டிக்கர்கூட உரிக்காத புது ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஏணியில் பயந்து பயந்து ஏறி வந்தாள்.

“வாங்க மேடம்” என்றான் சித்தப்பா.

“ஐயோ, என்ன சித்தப்பா கிண்டலா?”

அவன் கிட்டே போய்த் தணிந்த குரலில் சொன்னான். “ஆளுங்க முன்னாடி என்னை அப்படிக் கூப்பிடாதீங்க. நாளைக்கு நீங்க ஒண்ணு சொன்னா எடுத்துக்க மாட்டாங்க. மேஸ்திரிகிட்டயும் ‘இது சரியா’ன்னு கேக்கக் கூடாது. சரியில்லன்னா ‘மாத்துங்க’ன்னு சொல்லணும். எது சரியில்லன்னு நான் கண்ணால காட்டறேன்.”

புள்ளிக்குக் கண் கலங்கியது. கம்பிக் கட்டின் மேல் இருவரும் நடந்தார்கள். இரண்டு இடத்தில் அவன் கண்ணைக் காட்டினான், இரண்டு இடத்திலும் அவள் ‘மாத்துங்க’ என்றாள். மாற்றினார்கள். நடுத்தூணுக்கு வந்ததும் அவள் நின்றுவிட்டாள்.

“ஒண்ணு கேக்கணும். அந்தக் கணக்கு சரியா வந்திருந்தா நீங்க பாஸ் ஆயிருக்கணும். நான் எத்தனை தடவ கூட்டிப் பாத்துட்டேன். நான்தான் ஏதாச்சும் தப்பா சொல்லிக் குடுத்துட்டேனா? ரெண்டு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல.”

“நீங்க சொன்னது சரி. மாத்தினேன். சரியா இருந்துது. அப்புறம் பயந்துபோய் இன்னொரு தடவ மாத்திட்டேன்.”

அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

அனுமதிப் படிவத்தை நீட்டினான். ‘சரிபார்த்த பொறியாளர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே ‘உடனிருந்தவர்’ என்று ஒரு வரி, பக்கத்தில் ‘படிப்பு’ என்று ஒரு கட்டம். அதைப் பார்த்ததும் அவள் படிவத்தையும் பேனாவையும் அவன் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சித்தப்பா கையெழுத்துப் போட்டான். கட்டத்தில் ‘பள்ளிக்கூடம்’ என்று எழுதினான்.

கீழே கான்கிரீட் வண்டி வந்துவிட்டது. கம்பி மேஸ்திரி தூண் பக்கத்திலிருந்து எழுந்து, மூன்று வருஷப் பழக்கத்தில் சித்தப்பாவைப் பார்த்து வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு புள்ளியின் பக்கம் திரும்பினார்.

“போடலாங்களா மேடம்?”

புள்ளி சித்தப்பாவைப் பார்த்தாள். அவன் வேண்டுமென்றே குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“போடுங்க” என்றாள்.